அடைப்புக்குறிகள் மட்டும் பிழைத்தன

மலாயில் 'பாலிக்' என்ற சொல்லுக்குத் திரும்பி வருவது என்றும் பொருள் உண்டு, மறுபக்கம் என்றும் பொருள் உண்டு. பாலிக் புலாவ் என்றால் தீவின் மறுபக்கம். பினாங்குத் தீவை ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டால் ஜோர்ஜ்டவுன் அவன் முகம், பாலிக் புலாவ் அவன் முதுகு. நடுவில் மலை. மலைக்கு இந்தப் பக்கம் டுரியான், ஜாதிக்காய், லக்சா. அந்தப் பக்கம் தெற்கே இறங்கினால் பாயான் லெப்பாஸ். 1972-இல் அங்கே சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் தொழிற்சாலையும் அதே ஆண்டு அங்கேதான் வந்தது. பிறகு வன்தட்டுக்காரர்கள் வந்தார்கள். உலகத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் சுற்றும் தட்டுகளுக்கும், அவற்றைப் படிக்கும் மயிரிழை அளவுத் தலைகளுக்கும் ஒரு பெரும் பங்கு வேலை அந்தக் கட்டடங்களில் நடந்தது.

என் மாமா (அத்தையின் கணவர்) அதில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியனாக இருந்தவர். பாலிக் புலாவிலிருந்து தினமும் தொழிற்சாலை பஸ் ஏறிப் போய், தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி போட்டு, தூசி இல்லாத அறையில் நின்று வேலை பார்த்துவிட்டு, மறுபடி இந்தப் பக்கம் வந்துவிடுவார். வந்ததும் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. அவருடைய அம்மா பாடுவதைப் பதிவு செய்வது.

மாமாவின் அம்மா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கித்தாக் காட்டில் பாடிய பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று அவரிடம் நிறைய இருந்தன. 1996-லிருந்து மூன்று நான்கு ஆண்டுகள் மாமா ரேடியோ கேசட்டில் பதிவு செய்துகொண்டே இருந்தார். இந்தப் பக்கத்து ஈரத்தில் கேசட் நாடாவுக்கு ஆயுசு கம்மி. வெள்ளையாகப் பூஞ்சை படரும், பிறகு பிளேயரில் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு இழுக்கும். ஆகவே 2004, 2005-இல், புதிதாக வாங்கிய பென்டியம் 4 கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றி நான்கு சிடியில் எழுதிவைத்தார். ஒவ்வொரு சிடியிலும் பாட்டோடு சேர்த்து, அந்தப் பாட்டின் வரிகளைத் தமிழில் தட்டச்சு செய்த ஒரு கோப்பும் வைத்தார். தரம் குறையாத ஒலிக்கோப்பு நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் பிடிக்கும், வன்தட்டோ 20 ஜிகாபைட்தான். சிடியில் எழுதியாயிற்று என்று கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தார். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். பூஞ்சை பிடித்த கேசட்டுகளும் குப்பைக்குப் போயின.

2012-இல் மாமா இறந்தார். கடைசி ஒரு வருடம் அவரால் அந்தச் சிடிகளைத் திறக்க முடியவில்லை என்று அத்தை சொன்னார்.

"கம்ப்யூட்டர்ல டிரைவையே காணோம்னாருடா. சீடி எல்லாம் செத்துப் போச்சுன்னு சொல்லிட்டு அப்படியே எடுத்து வெச்சிட்டாரு. அதுக்கப்புறம் அதைத் தொடவே இல்ல."

இந்த ஆண்டு அத்தை வீட்டைக் காலி செய்து கூலிமில் மகனோடு இருக்கப் போவதாக முடிவானது. பழைய பொருள் எடுக்கும் லாரிக்குக் கொடுக்கவேண்டிய பட்டியலில் கம்ப்யூட்டரும் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்கிறேன் என்று கேட்டேன்.

டிரைவ் காணாமல் போவது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது மூன்று வேறு வேறு இடங்களில் காணாமல் போகலாம். மின்சாரம் வராமல் இருக்கலாம். மின்சாரம் வந்தும், தாய்ப்பலகையோடு பேச்சுவார்த்தை அறுந்திருக்கலாம். அந்தப் பேச்சும் நடந்து, மேலே இருக்கும் விண்டோஸ் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம். கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பார்த்துவர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதல் கேள்விக்கு விரலே போதும். பொத்தானை அழுத்தினேன். முனகிக்கொண்டே தட்டு வெளியே வந்தது, பச்சை விளக்கு எரிந்தது. மின்சாரம் இருக்கிறது.

இரண்டாவதற்கு, கம்ப்யூட்டர் விழிக்கும் நேரத்தில் டெலீட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போக வேண்டும். விண்டோஸ் எழுவதற்கு முன்னால், தாய்ப்பலகை தன்னிடம் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஆஜர் எடுக்கும் இடம் அது. தேதி 2002 ஜனவரி 1 என்று இருந்தது. காசு மாதிரி வட்டமாக இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று வோல்ட் இருக்க வேண்டியது இரண்டைத் தாண்டவில்லை. பாலிக் புலாவ் கடையில் புதிது வாங்கிப் போட்டுத் தேதியைச் சரிசெய்தேன். ஆஜர் பட்டியலில் வன்தட்டின் பெயர் இருந்தது. சிடி டிரைவ் இருக்க வேண்டிய வரியில் 'இல்லை' என்றே இருந்தது. அப்படியானால் கோளாறு விண்டோஸுக்குக் கீழே, கம்பியில் இருக்கிறது.

பெட்டியைத் திறந்தால் பல்லி முட்டை ஓடு இரண்டு, எறும்பு கூடு வைத்துக் காலி செய்துபோன தடம், மாவு மாதிரி தூசி. அந்தக் காலத்து டிரைவ்கள் சாம்பல் நிறப் பட்டைக் கம்பியில் தாய்ப்பலகையோடு சேரும். நாற்பது துளை உள்ள செருகி. ஒரே பட்டையில் இரண்டு டிரைவ் தொங்கலாம் என்பதால், நான் மாஸ்டர், நீ ஸ்லேவ் என்று டிரைவின் முதுகில் ஒரு சின்ன ஜம்பரை மாற்றிக் குத்திச் சொல்ல வேண்டும். ஜம்பர் சரியாக மாஸ்டரில் இருந்தது. பட்டைதான் பிரச்சினை. தாய்ப்பலகைப் பக்கத்து ஊசிகள் பாசி நிறத்தில் களிம்பேறி இருந்தன. இங்கே கடல் மேற்கே ரொம்பத் தூரமில்லை; உப்புக் காற்று பத்து வருடம் பொறுமையாக வேலை பார்த்திருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து ஊசிகளைத் துடைத்து, நான் கொண்டுபோன வேறு பட்டையை மாட்டினேன். இந்த முறை ஆஜர் பட்டியலில் டிரைவ் தன் பெயரையும் மாடல் எண்ணையும் சொன்னது.

"கெடைச்சிருச்சா?" என்றார் அத்தை சமையலறையிலிருந்து.

"பாதி, அத்தை."

பாதிதான். விண்டோஸ் எக்ஸ்பி எழுந்ததும் 'மை கம்ப்யூட்டர்'-க்குள் சிடியின் படம் இல்லை. சாதனப் பட்டியலில் மட்டும் டிரைவின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறி. பிழை எண் 39. டிரைவர் சிதைந்துவிட்டது அல்லது காணவில்லை என்று அதற்குப் பொருள். அப்போதுதான் மாமா பார்த்த கோளாறு இதுதான் என்று புரிந்தது. பட்டைக் கம்பி களிம்பேறியது அவருக்குப் பிறகு, பெட்டி சும்மா கிடந்த வருடங்களில். அவர் கடைசி வருடம் பார்த்தது இந்த மஞ்சள் குறியைத்தான்.

இதன் கதை அந்தக் காலத்து விண்டோஸ் வைத்திருந்த பலருக்கும் நடந்த கதை. விண்டோஸ் டிரைவோடு நேராகப் பேசாது. அடுக்கடுக்காகச் சில சின்ன நிரல்கள் வழியாகப் பேசும். சிடி எழுதும் மென்பொருளை ஏற்றும்போது அது தன் ஆளையும் அந்த அடுக்கில் நடுவே நிறுத்தி, ரெஜிஸ்ட்ரியில் 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோயர் ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு வரிகளில் அவன் பெயரை எழுதிவைக்கும். பிறகு யாராவது அந்த மென்பொருளை நீக்கினால், சில சமயம் ஆள் போய்விடுவான், பெயர் மட்டும் தங்கிவிடும். விண்டோஸ் அந்தப் பெயரைக் கூப்பிடும். பதில் வராது. நடுவில் ஆள் இல்லாமல் வழி விடமாட்டேன் என்று டிரைவையே மறைத்துவிடும். டிரைவுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, சிடிக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அத்தை மகன் அப்போது விளையாட்டுக்கு இடம் வேண்டும் என்று வேண்டாத மென்பொருள்களை நீக்கியது அத்தைக்கு நினைவிருக்கிறது.

தீர்வு, அந்த இரண்டு வரிகளை அழிப்பது. முதலில் அந்தப் பகுதியை அப்படியே ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டேன், ஏதாவது ஆனால் திருப்பிப் போடலாம் என்று. பிறகு இரண்டையும் அழித்து மறுபடி இயக்கினேன். 'டி' என்ற எழுத்தோடு டிரைவ் வந்து உட்கார்ந்தது. மொத்தம் இரண்டு நிமிட வேலை. இந்த இரண்டு நிமிடம் தெரியாமல் ஒரு மனிதர் தன் அம்மாவின் குரல் செத்துவிட்டது என்று நம்பிக்கொண்டே போயிருக்கிறார். தொழிற்சாலையில் தினமும் தட்டுகளைப் படிக்கும் தலைகளைச் சோதித்து அனுப்பியவர் அவர்.

இதை வாசிக்கும் யாராவது, எதற்கு இவ்வளவு, எண்பது வெள்ளிக்கு யுஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கி லேப்டாப்பில் மாட்டினால் போதாதா என்று கேட்கலாம். அதையும் நான் கொண்டுபோயிருந்தேன். நண்பரிடம் இரவல் வாங்கியது, படிக்க மட்டும் தெரிந்தது. அதில் முதல் மூன்று சிடியும் திறந்தன. இரண்டு விஷயம் மட்டும் நடக்கவில்லை.

ஒன்று, தமிழ். வரிகள் இருந்த கோப்பை லேப்டாப்பில் திறந்தால் திரை முழுக்க மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். நடுநடுவே அடைப்புக்குறிகளும் தேதிகளும் மட்டும் தெளிவாக இருந்தன.

நம் வயதுக்காரர்கள் தமிழை யூனிகோடில்தான் முதலில் தட்டினோம். அதற்கு முன்னால் ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு தனி நாடு. இங்கே மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கிவிட்டார். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் கூடிப் பேசித் திஸ்கி என்ற குறியீட்டை அமைத்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தாம், தாப் என்று வேறு இரண்டு தரங்கள் வந்தன. மாமா முரசில் திஸ்கியில் தட்டியிருந்தார். திஸ்கியில் மொத்தம் 256 இடம். முதல் 128 இடத்தில் ஆங்கில எழுத்தும் எண்களும் நிறுத்தக்குறிகளும் மாறாமல் இருக்கும். தமிழ் மேல் பாதியில் குடியிருக்கும். ஆகவே எழுத்துரு தெரியாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் மட்டும் சிதறிப்போய், எண்ணும் அடைப்புக்குறியும் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமிக்கும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். நாம் சிலேட்டில் எழுதிய வரிசை. யூனிகோடு, காதுக்குக் கேட்கும் வரிசையில் சேமிக்கும். முதலில் க, பிறகு ஒகரம். ஒன்றை மற்றொன்றாக மாற்ற, எழுத்துக்கு எழுத்து பதில் போட்டால் போதாது, கொம்புகளைத் தூக்கிப் பின்னால் வைக்கவும் வேண்டும். அது கடினமான வேலை இல்லை. ஆனால் சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, மூலம் ஒரு இடத்திலாவது ஒழுங்காகத் தெரிய வேண்டும். மாமாவின் கம்ப்யூட்டரில் பழைய எழுத்துரு அப்படியே இருந்தது. அங்கே கோப்பு அழகாகத் திறந்தது.

அடைப்புக்குறிகள் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. பாட்டின் வரிகளுக்கு நடுவே மாமா குறித்து வைத்திருக்கிறார்: (அம்மா இந்த இடத்தில் நிறுத்திவிட்டார்). (சொல் கேட்கவில்லை). (இது நான் சேர்த்தது, அம்மா சொன்னது இல்லை). நாட்டார் பாடல் தொகுப்பாளர் யாரிடமும் அவர் பாடம் கேட்டதில்லை. தூசியில்லா அறையில் எந்தத் தட்டு யார் கையால் போனது என்று எழுதிவைத்த பழக்கமோ என்னவோ, எது அம்மாவுடையது, எது தன்னுடையது என்று பிரித்துவைத்தார்.

இரண்டாவது விஷயம், நான்காவது சிடி. மற்ற மூன்றின் மேல் மார்க்கர் பேனாவில் பாட்டுகளின் பெயர் எழுதியிருந்தது. இதில் '4' என்பது மட்டும். இரவல் டிரைவ் இதை வெறும் சிடி என்றது. ஆனால் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் நடு வளையத்திலிருந்து முக்கால் பாகம்வரை நிறம் ஒரு சாயல் மாறியிருப்பது தெரிந்தது. லேசர் பட்ட இடத்தில் சாயப்பூச்சு மாறியிருக்கிறது. எழுதியிருக்கிறார், மூடவில்லை.

சிடியில் எழுதி முடித்ததும் 'மூட' வேண்டும். அப்போதுதான் என்ன எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கம் உள்வளையத்தில் பதியும். மூடாதவரை, எழுதும் டிரைவ் தன் வசதிக்காக இன்னும் உள்ளே ஓர் இடத்தில் தற்காலிகக் குறிப்பு வைத்துக்கொள்ளும். படிக்க மட்டும் தெரிந்த டிரைவ் அந்த இடத்துக்குப் போகாது. அதற்கு அது வெறும் சிடிதான். எழுதத் தெரிந்த டிரைவ், அதுவும் அந்தச் சிடியை எழுதிய அதே டிரைவ், படிப்பதற்கு வாய்ப்பு அதிகம். மாமா இன்னும் சேர்க்க நினைத்து மூடாமல் விட்டிருக்க வேண்டும்.

சிடியின் லேபிள் பக்கம்தான் மெல்லியது என்பது பலருக்குத் தெரியாது. கீழே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. மேலே உலோகப் பூச்சுக்கும் காற்றுக்கும் நடுவே மெல்லிய மெருகு மட்டும். 2001-இல் பெலீஸ் நாட்டு வெக்கையில் இருந்த சிடி ஒன்றைப் பூஞ்சை தின்றிருந்ததை ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் ஊர் வெக்கையும் அதற்குச் சளைத்ததில்லை. நல்ல வேளையாக, மாமா சிடிகளைப் பிஸ்கட் டின்னில், அரிசி முடிச்சோடு வைத்திருந்தார்.

பழைய டிரைவின் லென்ஸைத் துடைத்து, நான்காவதைப் போட்டேன். இருக்கும் ஒரே பிரதியில் புதிதாக எதையும் எழுதக் கூடாது என்பதால் மூட முயலவில்லை. மீட்பு மென்பொருளை வைத்து, தடத்தை உள்ளது உள்ளபடி வன்தட்டுக்கு நகலெடுத்தேன். படித்தது, திணறியது, பின்னால் போய் மறுபடி படித்தது. இரண்டு மணி நேரம். அதற்குள் அத்தை இரண்டு தடவை காப்பி போட்டுவிட்டார்.

நான்காவது சிடியில் இருந்தது ஒப்பாரி.

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது. பாடினால் வரவழைப்பது மாதிரி. அதனால் மாமா அம்மாவைப் பின்வாசலுக்கு, ரம்புத்தான் மரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பதிவு செய்திருக்கிறார். கோழிச் சத்தமும் மோட்டார் சைக்கிள் போகும் சத்தமும் கேட்கிறது. அத்தை இதைக் கேட்டதும் முகம் மாறி, "வீட்டுக்குள்ள போடாத. வெளிய எடுத்துட்டுப் போ" என்றார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். அவரும் வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

மூன்றாவது பாட்டில் பாட்டி நிறுத்திவிடுகிறார். வரி மறந்துவிட்டது. மாமா, "அப்புறம்மா?" என்கிறார். பதில் இல்லை. தூரத்திலிருந்து, சமையலறைப் பக்கமிருந்து, ஒரு இளம் குரல் அந்த வரியை எடுத்துக் கொடுக்கிறது. பாட்டி அதைப் பிடித்துக்கொண்டு மேலே பாடுகிறார். கோப்பில் அந்த இடத்தில் மாமாவின் அடைப்புக்குறி: (இது அவள் சொன்னது).

அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து அத்தை ஒருநாளும் பாடியதில்லை. பாட்டுப் பேச்சு வந்தால், "அதெல்லாம் என் மாமியார் சொத்து, எனக்கு என்ன தெரியும்" என்பார். மாமா இறந்த அன்றும் வீட்டில் யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. கூடத்தில் தேவாரம் சிடி ஓடிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் நம் பக்கத்துச் சாவு வீடுகளில் அதுதான் வழக்கம்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"அந்த வரி அப்படி இல்லடா. தப்பா எடுத்துக் குடுத்திருக்கேன். அவங்களும் அப்படியே பாடிட்டாங்க."

"சரியானது எப்படி அத்தை?"

சொன்னார். பாடவில்லை, பேசுவது மாதிரிதான் சொன்னார். அதற்கடுத்த வரியையும் சொன்னார், பதிவில் இல்லாத ஒன்று. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று அவரிடம் இன்னும் கேட்கவில்லை.

கம்ப்யூட்டரைக் கிளப்பியது கோப்புகளுக்காகத்தான். மூன்று பிரதி எடுத்தாயிற்று. ஒன்று என்னிடம், ஒன்று கூலிமில், ஒன்று இணையத்தில் பூட்டி வைத்தது. வரிகள் யூனிகோடுக்கு மாறிவிட்டன. ஆனால் அந்தச் சிடிகளில் இல்லாதது அத்தையிடம் எவ்வளவு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது, அவருக்கே தெரியுமா என்பதும் சந்தேகம். பதிவைக் கேட்டால்தான் அவருக்கு நினைவு வருகிறது, பிழை கேட்டால்தான் சரி வருகிறது. மாமா விட்டுப்போன பிழைகளும் இடைவெளிகளும்தான் இப்போது பயன்படுகின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மோட்டாரில் துன் சார்டோன் சாலை வளைவுகளில் ஏறி இறங்கி, ஒரு பாட்டு, இரண்டு பாட்டு போட்டுக் காட்டுகிறேன். வெளியே, மரத்தடியில். சில நாள் ஒன்றும் வராது. லக்சா சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு டின் இருக்கக்கூடும். டிரைவைக் காணோம் என்று கம்ப்யூட்டர் சொன்னால், அதை நம்பிச் சிடியைத் தூக்கிப் போடாதீர்கள். கம்பியைப் பாருங்கள், பயாஸைப் பாருங்கள், அந்த இரண்டு வரிகளைப் பாருங்கள். அதில் பாடியவரைத் தெரிந்தவர் யாராவது இருக்கும்போதே பாருங்கள்.

மாமாவின் கோப்பில் அவர் பழக்கப்படியே நானும் ஒரு வகை அடைப்புக்குறி சேர்த்திருக்கிறேன். இப்போதைக்கு ஏழு இடங்களில் இருக்கிறது: (அத்தை திருத்தியது). எட்டாவது பாட்டில் ஒரு சொல் இன்னும் கேட்கவில்லை. மாமாவும் கேட்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார். கூலிமுக்குப் போகும் முன் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.